வயலில் விளையும் பெட்ரோல்: கணக்கு எங்கே இடிக்கிறது?

கரும்பு, தானியம் போன்றவற்றிலிருந்து வடிக்கும் சாராயமான எத்தனாலை 20% கலந்த பெட்ரோல்தான் இ-20. அதைப் பற்றிய பேச்சு நம் ஊரில் மைலேஜில் தொடங்கி மைலேஜிலேயே முடிந்துவிடுகிறது. அதில் தவறில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் வண்டி கொஞ்சம் குறைவாகத்தான் ஓடும். மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே இதை ஒப்புக்கொள்கிறது: பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7%, இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4%, இ-20க்கு ஏற்றபடி சரிசெய்த கார்களில் 1 முதல் 2% மைலேஜ் குறையலாம் என்று அது மதிப்பிட்டது. சரி, அது பர்ஸ் விவகாரம்.

2025 ஆகஸ்டில் இந்த மைலேஜ் புகார்கள் பெரிதானபோது, பெட்ரோலிய அமைச்சகம் பதிலாக இன்னொரு எண்ணை முன்வைத்தது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் கரும்பு எத்தனால் 65%, மக்காச்சோள எத்தனால் 50% குறைவான பசுங்குடில் வாயுக்களையே (பூமியைச் சூடாக்கும் வாயுக்கள்) வெளியிடுகின்றன என்றது. அதாவது, நமக்கு மைலேஜ் கொஞ்சம் போனாலும் பூமிக்கு நல்லது. இந்த இரண்டாவது பாதி உண்மையா என்பதைத்தான் இங்கே கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். பங்க்கில் நின்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. வயலுக்குப் போக வேண்டும்.

அடிப்படை யோசனை எளிது, அழகானதும்கூட. செடி காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்து வளர்கிறது. அதை எரிபொருளாக்கி எரித்தால் எடுத்த கார்பன்தான் திரும்பக் காற்றுக்குப் போகிறது. பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்ததைத் தோண்டி எரிப்பதைப் போல் இதில் புதுக் கார்பன் சேர்வதில்லை. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்ட ஒரு சிறிய டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில்தான் ஓடியது. எஞ்சினில் மாற்றம் எதுவும் செய்யவில்லை, பார்க்க வந்தவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை என்று ருடால்ஃப் டீசல் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அப்புறம் கச்சா எண்ணெய் மலிந்தது, கடலை எண்ணெய் பணியாரச் சட்டிக்கே திரும்பிப் போனது.

இந்த வட்டக் கணக்கில் முதல் ஓட்டை வயலிலேயே விழுகிறது. கரும்பும் மக்காச்சோளமும் காற்றை மட்டும் குடித்து வளர்வதில்லை. உழும் டிராக்டருக்கு டீசல். போர்வெல் மோட்டாருக்கு மின்சாரம். அது இலவசமாக வந்தாலும் பெரும்பகுதி நிலக்கரியை எரித்து வருவதுதான். யூரியா மூட்டையோ முழுக்க முழுக்க இயற்கை எரிவாயுவின் பிள்ளை. அந்த எரிவாயுவிலும் கணிசமான பங்கைக் கப்பலில் இறக்குமதி செய்கிறோம். எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் பயிர் போடுகிறோம், பயிருக்கு எரிவாயு இறக்குமதி செய்கிறோம்.

இதில் பலருக்கும் தெரியாத ஆள் நைட்ரஸ் ஆக்சைடு. மண்ணில் போடும் தழைச்சத்தில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் இந்த வாயுவாக மாற்றிவிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் பால் குருட்சனும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, சில பயிர்களில் இந்த ஒரு வாயுவே எரிபொருளால் கிடைக்கும் மொத்த லாபத்தையும் தின்றுவிடக்கூடும் என்று எச்சரித்தது.

ஒரு ஏக்கருக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இது என் தோராயக் கணக்கு, சாக்குப் பையின் பின்பக்கம் எழுதிப் பார்க்கும் ரகம். ஏக்கருக்கு 40 டன் கரும்பு என்று வைத்துக்கொண்டால், டன்னுக்கு 70 லிட்டர் வீதம் 2,800 லிட்டர் எத்தனால். ஆற்றல் கணக்கில் இது ஏறக்குறைய 1,850 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். அந்தப் பெட்ரோல் எரிந்திருந்தால் 4 டன்னுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்சைடு வந்திருக்கும். கரும்புக்கு ஏக்கருக்கு 110 கிலோ தழைச்சத்து போட்டால், அதில் வழக்கமாகச் சொல்லப்படும் 1% நைட்ரஸ் ஆக்சைடாகப் போனாலும் சுமார் 470 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மிச்சம் பிடித்ததில் பத்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பரவாயில்லை.

மக்காச்சோளத்தில் கதை மாறுகிறது. ஏக்கருக்கு 3 டன் விளைச்சல், டன்னுக்கு 380 லிட்டர், ஆக 1,140 லிட்டர் எத்தனால். தவிர்க்கும் பெட்ரோல் 760 லிட்டர், தவிர்க்கும் கார்பன் டை ஆக்சைடு ஒன்றே முக்கால் டன். ஆனால் வீரிய ரக மக்காச்சோளமும் 100 கிலோ தழைச்சத்து கேட்கும். அதே அளவு உரம், பாதிக்கும் குறைவான எரிபொருள். மிச்சம் பிடித்ததில் கால் பங்கை நைட்ரஸ் ஆக்சைடு மட்டுமே கொண்டுபோய்விடுகிறது. யூரியா தயாரிக்க எரிந்த எரிவாயு, மோட்டார், லாரி எல்லாம் இதற்கு மேல்.

ஆலைக்குள் போனாலும் இதே வித்தியாசம்தான். கரும்பாலைக்கு எரிபொருள் கரும்போடு சேர்ந்தே வருகிறது. சாறு பிழிந்த சக்கையை எரித்து நீராவி எடுத்து, அதில் ஆலையும் ஓட்டி, மிஞ்சும் மின்சாரத்தை வெளியிலும் விற்கிறார்கள். தானிய ஆலைக்கு அந்த வசதி கிடையாது. மாவை வேகவைத்து, நொதிக்கவைத்து, காய்ச்சி வடிக்கும் வெப்பத்தை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். உமி கிடைத்தால் உமி, இல்லாத இடத்தில் நிலக்கரி. எத்தனால் 'எதிலிருந்து' வருகிறது என்று கேட்பவர்கள்கூட, 'எதை எரித்து' வடிக்கிறார்கள் என்று கேட்பதில்லை.

இதெல்லாம் போனாலும் மிச்சம் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. ஆகவே 65, 50 என்ற எண்களை அப்படியே புரட்டு என்று தள்ளிவிட முடியாது. அவை கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பயிர் வருவதற்கு முன் அந்த நிலத்தில் என்ன இருந்தது?

2008 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. அதுவரை உயிரி எரிபொருளுக்குக் கைதட்டிக்கொண்டிருந்த பல சூழலியலாளர்கள் அன்றோடு கைகளைக் கீழே போட்டார்கள். ஜோசஃப் ஃபார்ஜியோனும் சகாக்களும் எழுதிய கட்டுரை 'கார்பன் கடன்' என்ற ஒன்றைக் கணக்கிட்டது. காட்டை வெட்டியோ புல்வெளியை உழுதோ பயிர் வைத்தால், மரத்திலும் மண்ணிலும் இருந்த கார்பன் வெளியேறுகிறது. பெட்ரோலுக்குப் பதிலாக எரிபொருளை விற்று அந்தக் கடனை அடைக்க எத்தனை ஆண்டுகள் ஆகும்? பிரேசிலின் செர்ராடோ புல்வெளியில் கரும்பு வைத்தால் 17 ஆண்டுகள். அமெரிக்கப் புல்வெளியில் மக்காச்சோளம் வைத்தால் 93. அமேசான் காட்டை அழித்து சோயா டீசல் எடுத்தால் 319. இந்தோனேசியா, மலேசியாவின் கரிச்சதுப்பு நிலக் காட்டை வடித்துப் பாமாயில் தரும் செம்பனையை நட்டால் 423 ஆண்டுகள். ராஜராஜன் காலத்தில் வாங்கிய கடனை ராஜராஜனின் எத்தனையாவதோ தலைமுறை அடைப்பதைப் போல.

கரிச்சதுப்பு என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் தண்ணீருக்கடியில் குவிந்த இலை தழை. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் அது மட்கத் தொடங்குகிறது, காய்ந்தால் தீப்பிடிக்கிறது. 2015இல் இந்தோனேசியாவின் சுமாத்ராவிலும் கலிமந்தானிலும் பற்றிய தீயில் புகை பெரும்பாலும் இதிலிருந்து வந்ததுதான். அந்தப் புகை சிங்கப்பூர், மலேசியா வரை பள்ளிகளை மூடவைத்தது. எல்லாச் செம்பனையும் இப்படி வந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மலேசியத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த கதையை அங்குள்ள நம்மவர்கள் நன்றாக அறிவார்கள். ஏற்கெனவே தோட்டமாக இருந்த நிலத்தில் மரம் மாறினால் கடன் சிறியது. ஆனால் பங்க்குக்கு வரும் எண்ணெயில் எது எந்த நிலத்தில் விளைந்தது என்று வாசனை பிடித்துக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது கட்டுரை டிமோத்தி சர்ச்சிங்கர் குழுவினருடையது. அது இன்னும் சங்கடமானது. நீ காட்டை வெட்டவே வேண்டாம் என்றது அது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கும் மக்காச்சோள வயலையே எத்தனாலுக்குத் திருப்பிவிட்டாலும், அந்தச் சோளத்தைத் தின்றுகொண்டிருந்த மாடும் கோழியும் பட்டினி கிடக்கப்போவதில்லை. விலை ஏறும், உலகத்தின் வேறு ஏதோ மூலையில் ஒருவர் புதிதாக நிலத்தைத் திருத்துவார். அந்தக் கார்பன் யார் கணக்கில்? இதைச் சேர்த்துப் பார்த்தால் 30 ஆண்டுக் காலத்தில் அமெரிக்க மக்காச்சோள எத்தனால் பெட்ரோலைவிட ஏறக்குறைய இரு மடங்கு பசுங்குடில் வாயுவை வெளியிடும் என்றது அவர்களுடைய மாதிரிக் கணக்கு.

அந்த 'இரு மடங்கு' கொஞ்சம் அதிகம்தான். பிறகு வந்த ஆய்வுகள் பலவும் அதைக் குறைத்துவிட்டன. ஆனால் சண்டை ஓயவில்லை. 2021இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தினர் மக்காச்சோள எத்தனால் பெட்ரோலைவிட 44 முதல் 52% வரை நல்லது என்றார்கள். மறு ஆண்டே டைலர் லார்க் தலைமையிலான குழு, நல்லதே இல்லை, பெரும்பாலும் 24%க்குக் குறையாமல் மோசமாகத்தான் இருக்கும் என்றது. ஒரே நாடு, ஒரே பயிர், ஒரே எரிபொருள். வித்தியாசத்தின் பெரும்பகுதி நிலம் மாறுவதை எவ்வளவு தாராளமாக அல்லது கறாராகக் கணக்கில் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. நம் அமைச்சகம் சொன்ன 50% பற்றி யோசிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பா இந்தப் பாடத்தைப் பணம் கட்டிக் கற்றது. போக்குவரத்து எரிசக்தியில் 10% புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று 2009இல் சட்டம் போட்டது. தாவர எண்ணெய் டீசல் பெருகியது. 2015இல் உணவுப் பயிர் எரிபொருளுக்கு 7% என்று உச்சவரம்பு கட்டியது. 2019இல், மறைமுகமாகக் காட்டழிப்புக்கு வழிவகுக்கும் பயிர் என்று செம்பனையை வகைப்படுத்தி, 2030க்குள் அதை முற்றிலும் கைவிடுவது என்று முடிவெடுத்தது. இந்தோனேசியா அதற்காக நிறுத்திக்கொள்ளவில்லை. 2025இலிருந்து அங்கே டீசலில் 40% செம்பனை எண்ணெய் கலக்கிறார்கள்.

'அப்படியானால் பிரேசில்?' என்று இந்த இடத்தில் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1975இல் எண்ணெய் நெருக்கடி சூட்டில் அங்கே தொடங்கிய எத்தனால் திட்டம், இன்றைக்கும் ஓடுகிறது. பெட்ரோலில் 30% எத்தனால் கட்டாயம். முழு எத்தனாலில் ஓடும் கார்கள் தெருவெல்லாம். கார்பன் கணக்கிலும் உலகத்தில் உருப்படியாகத் தேறிய முதல் தலைமுறை (உணவுப் பயிரிலிருந்து எடுக்கும்) எரிபொருள் அதுதான். காரணம், சாவோ பாலோ பகுதிக் கரும்பு பெரும்பாலும் மழையில் விளைகிறது, ஆலை சக்கையில் ஓடுகிறது. அந்த வெற்றியை அப்படியே தூக்கி மராட்டியத்திலோ விழுப்புரத்திலோ நட முடியாது. செடி அதுவேதான், ஆனால் இங்கே அதற்குத் தண்ணீர் காட்டுவது மோட்டார்.

இனி நம் கதை. என் பார்வையில் இந்தியாவின் எத்தனால் திட்டம் நல்ல இடத்தில் பிறந்து மெல்ல மெல்லச் சந்தேகத்துக்குரிய இடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

2003இல் ஒன்பது மாநிலங்களில் 5% கலப்போடு தொடங்கியபோது எத்தனால் வந்தது கழிவுப்பாகிலிருந்து. சர்க்கரையை எடுக்க முடிந்த மட்டும் எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகு அது. அதற்காக ஒரு சென்ட் நிலம்கூடப் புதிதாகத் தேவைப்படவில்லை. சர்க்கரைக்காக எப்படியும் கரும்பு போடத்தான் போகிறார்கள். கார்பன் கணக்கில் இதைவிடச் சுத்தமான எத்தனால் கிடைப்பது கடினம். குறை ஒன்றே ஒன்று: அளவு போதாது. 2014 வாக்கில் நாட்டின் சராசரிக் கலப்பு 1.5% அளவில்தான் நின்றது.

2018இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை கதவை அகலத் திறந்தது. முழுச் சர்க்கரையும் எடுக்காமல் பாதியில் நிறுத்திய பாகு, நேரடியாகக் கரும்புச் சாறு, உடைந்த, கெட்டுப்போன தானியம், பிறகு இந்திய உணவுக் கழகக் கிடங்கு அரிசி. 20% இலக்கு 2030இலிருந்து 2025க்கு முன்னே இழுக்கப்பட்டது. அதற்கு ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி லிட்டர் எத்தனால் வேண்டும். அவ்வளவு கழிவு நாட்டில் கிடையாது. கழிவில் தொடங்கிய திட்டம் பயிருக்கு வந்து நின்றது.

2023இல் இது சோதனைக்கு உள்ளானது. மழை பொய்க்கும் அச்சத்தில் ஜூலையில் கிடங்கு அரிசி நிறுத்தப்பட்டது. டிசம்பரில் கரும்புச் சாற்றுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் பாய்ந்தன. அரசும் அதன் எத்தனாலுக்கு லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு என்று நல்ல விலை கொடுத்தது. அந்த விநியோக ஆண்டில் தானிய எத்தனால் மொத்தத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. விளைவு, மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் வாங்கத் தொடங்கியது.

இதன் சூடு நாமக்கல்லில் உடனே தெரிந்தது. கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்தான். பெரம்பலூரிலும் அரியலூரிலும் மக்காச்சோளம் போட்ட விவசாயிக்கு விலை கிடைத்தது, மகிழ்ச்சிதான், அவருக்கு அது ரொம்ப நாளாகக் கிடைக்காதது. பண்ணைக்காரர்களோ வரியில்லாமல் இறக்குமதி செய்ய அனுமதி கேட்டார்கள். ஆலையில் மாவுச்சத்து போக மிஞ்சும் புரதச் சக்கையும் தீவனமாகத் திரும்பி வருகிறது என்பது உண்மை. ஆனால் அது சோயாப் புண்ணாக்கின் இடத்தைப் பிடிக்கிறதே தவிர மக்காச்சோளத்தின் இடத்தை அல்ல. சர்ச்சிங்கர் 2008இல் மாதிரிக் கணக்கில் காட்டிய சங்கிலி இங்கே கண்முன் ஓடியது: பயிர் எரிபொருளுக்குப் போக, விலை ஏற, வேறு நாட்டு வயல் அந்த இடத்தை நிரப்ப. உக்ரைன் வயலில் விளைந்து கடல் தாண்டி வந்த சோளத்தின் கார்பன் நம் 50% கணக்கில் எங்கே உட்காரும்?

அரிசி விவகாரம் இன்னும் விசித்திரம். கிடங்குகள் நிரம்பி வழிந்ததால் 2024-25 விநியோக ஆண்டுக்கு 52 லட்சம் டன் அரிசி எத்தனாலுக்கு ஒதுக்கப்பட்டது. கிலோ 22 ரூபாய் 50 காசு. கொள்முதல், சேமிப்பு எல்லாம் சேர்த்து உணவுக் கழகத்துக்கு ஒரு கிலோவுக்கு ஆகும் செலவு சுமார் 40 ரூபாய். தண்ணீர் தேங்கிய நெல் வயலிலிருந்து பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பஞ்சாபின் நிலத்தடி நீரை உறிஞ்சி, மீத்தேனை விட்டு, வைக்கோலைக் கொளுத்தி விளைவித்த நெல்லைக் கடைசியில் சாராயமாக வடித்து வண்டிக்கு ஊற்றுகிறோம். கெட்டுப்போகவிருந்த அரிசி என்றால் அது வேறு. விற்க இடமில்லாத அளவுக்கு ஏன் விளைவிக்கிறோம் என்பதை யாரும் கேட்காமலிருக்க இது ஒரு நல்ல வடிகாலாகிவிட்டது என்பதுதான் என் சந்தேகம்.

தண்ணீருக்கு வருவோம். கார்பன் கணக்கில் கண்ணில் படாமல் போவது இதுதான். மேலே சொன்ன நிதி ஆயோக் அறிக்கையே ஒரு லிட்டர் கரும்பு எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் ஆகும் என்று எழுதியிருக்கிறது. பைக்கில் 5 லிட்டர் இ-20 போட்டால் அதில் ஒரு லிட்டர் எத்தனால். அது முழுக்கக் கரும்பிலிருந்து வந்ததென்றால், கால் லாரித் தண்ணீரைக் கூடவே ஊற்றிய கணக்கு. 2016 ஏப்ரலில் மராட்டியத்தின் லாத்தூர் நகருக்கு ரயிலில் குடிநீர் கொண்டுபோனார்கள், நினைவிருக்கிறதா? லாத்தூர் இருக்கும் அந்த மராத்வாடா வட்டாரத்தில்தான் சர்க்கரை ஆலைகளும் கரும்பும் நிறைந்து கிடக்கின்றன. நாட்டின் பாசன நீரில் 70% கரும்புக்கும் நெல்லுக்குமே போகிறது, ஆகவே மக்காச்சோளம் போன்றவற்றுக்கு மாறலாம் என்று அந்த அறிக்கை யோசனை சொன்னது. யோசனை சரிதான். ஆனால் கரும்பு கார்பனில் தேறித் தண்ணீரில் தோற்கிறது என்றால், மக்காச்சோளம் தண்ணீரில் தேறிக் கார்பனில் திணறுகிறது.

தரிசு நிலத்தில் விளைவித்தால் இந்தச் சிக்கலே இல்லையே என்று தோன்றும். தோன்றியது. அதுதான் காட்டாமணக்கு. வேலியோரம் தானாக நின்ற செடி, ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் வேண்டாம், விதையில் எண்ணெய் உண்டு. 2003இல் திட்டக் குழு, 2011-12க்குள் டீசலில் 20% தாவர எண்ணெய் கலக்கலாம் என்று பெரிய கனவு வரைந்தது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் மேடைக்கு மேடை இதைப் பற்றிப் பேசினார். தமிழ்நாட்டிலும் நாற்றும் கடனும் கொடுத்து நடச் சொன்னார்கள். கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்து 2010இல் வெளியான ஆய்வுகள் சொன்ன முடிவு: விளைச்சல் வாக்களித்ததைவிட மிகக் குறைவு, கட்டுபடியாகவில்லை, கொஞ்சமாவது தேற வேண்டுமென்றால் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். தண்ணீர் இருந்தால் விவசாயி கடலை போடுவாரா, காட்டாமணக்கு போடுவாரா?

அதோடு 'தரிசு' என்பதே வருவாய்த்துறைப் பதிவேட்டுச் சொல். அங்கே ஆடு மேய்கிறது, சீமைக்கருவேல் விறகு வெட்டி யாரோ அடுப்பு எரிக்கிறார்கள். அந்த விறகு போனால் அந்த அடுப்பு வேறொரு எரிபொருளைத் தேடும். அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்ற கேள்வி தரிசிலும் விடுவதில்லை.

எத்தனாலுக்கு ஆதரவாக ஒன்றிரண்டு விஷயங்கள் உண்மையிலேயே உண்டு. வண்டிப் புகையில் கார்பன் மோனாக்சைடு நன்றாகக் குறைகிறது. இ-20 போட்டால் இருசக்கர வண்டிகளில் பாதி, கார்களில் 30% குறையும் என்பது அதே நிதி ஆயோக் அறிக்கையின் கணக்கு. நைட்ரஜன் ஆக்சைடுகளில் தெளிவான மாற்றமில்லை, அசெட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் கொஞ்சம் கூடுகிறது. ஆலைப்பக்கம் போனால் படம் அவ்வளவு நன்றாக இல்லை. பாகிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் வடித்தால் 8 முதல் 15 லிட்டர் வரை கரும்பழுப்புக் கழிவுநீர் வருகிறது. அதை வெளியே விடாமல் ஆவியாக்கி எரிக்கவோ உரமாக்கவோ வேண்டும் என்பது விதி. பஞ்சாபின் ஜீராவில் நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்று 2022 ஜூலையில் ஓர் எத்தனால் ஆலை வாசலில் உட்கார்ந்த கிராமத்தார் மாதக்கணக்கில் எழவில்லை. 2023 ஜனவரியில் ஆலையை மூடுவதாக மாநில முதல்வர் அறிவித்தார்.

இன்னொரு ஒப்பீடு இல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. சூரிய ஒளியைப் பிடிப்பதில் கரும்பு பயிர்களில் கெட்டிக்காரன், ஆனாலும் ஆண்டு முழுக்க விழும் ஒளியில் சுமார் 1% அளவுக்குத்தான் பிடிக்கிறது. கூரையில் மாட்டும் சோலார் தகடு 20% அளவுக்குப் பிடிக்கும். மேலே பார்த்த அந்த ஒரு ஏக்கர் கரும்பின் 2,800 லிட்டரில் ஒரு சிறிய கார் ஏறக்குறைய 30,000 கிலோமீட்டர் ஓடும். அதே ஏக்கரில் தகடு பரப்பினால் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் யூனிட் வரும். யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தாலும் மின்சாரக் கார் 18 லட்சம் கிலோமீட்டர் ஓடிவிடும். அறுபது மடங்கு. பேட்டரிக்கும் கம்பி இழப்புக்கும் எவ்வளவு தாராளமாகக் கழித்தாலும் இந்த இடைவெளி மூடாது. தகட்டுக்குத் தண்ணீரும் வேண்டாம், வயலும் வேண்டாம், மொட்டை மாடி போதும். ஆகவே பைக்கும் காரும் பயிரில் ஓடுவதற்கு நீண்ட நாள் நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பேட்டரியில் பறக்க முடியாத விமானத்துக்கு வேண்டுமானால் திரவ எரிபொருளை ஒதுக்கி வைக்கலாம்.

அப்படி ஒதுக்குவதென்றாலும் கழிவிலிருந்து எடுப்பதே முறை. பஜ்ஜிக் கடையில் கறுத்துப்போன எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதற்குப் பதிலாக டீசலாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கியது. உடம்புக்கும் நல்லது, காற்றுக்கும் நல்லது. இதிலும் ஒரு பிடி உண்டு. பழைய எண்ணெய்க்குப் புது எண்ணெயைவிட நல்ல விலை கிடைத்தால், புது எண்ணெயே 'பழையது' என்ற பெயரில் பீப்பாயில் ஏறும். ஆசியாவிலிருந்து வந்த 'பயன்படுத்திய எண்ணெய்' சிலவற்றின் மீது ஐரோப்பாவில் இந்தச் சந்தேகம்தான் எழுந்தது.

வைக்கோல் இன்னும் பெரிய நம்பிக்கை. ஹரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது திட்டம். தேவைப்படும் 1,000 கோடியில் அது 0.3%. அங்கே வைக்கோல் கழிவுதான். நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே இடைவெளி, அதனால் வயலிலேயே கொளுத்துகிறார்கள், டெல்லி மூச்சுத் திணறுகிறது. இதைப் பார்த்து இங்கேயும் ஓர் ஆலை கட்டலாமே என்று கேட்பவர்கள், அறுவடை முடிந்த மாதத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும். இயந்திரம் சுருட்டிய வைக்கோல் கட்டுகளை வயலோரத்திலேயே விலை பேசி லாரியில் ஏற்றுவார்கள். கேரளத்து மாட்டுக்காரர்கள் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டார்கள்.